ஒற்றை முகக் கடிகாரமும் கர்னலின் வெள்ளிக் கூஜாவும்

பென்ஹாலோ துறையில் வெள்ளியில் பேர் வெட்டுகிற ஆள் ஒருவர்தான். ஹிராம் பட்லாங். கல்யாண ஸ்பூனில் மாப்பிள்ளை பெண் பேர், நாயின் கழுத்துப்பட்டையில் எஜமான் பேர், சவப்பெட்டித் தகட்டில் செத்தவர் பேர். இந்த ஊரில் பிறந்து சாகிறவன் எவனும் இரண்டு மூன்று தடவையாவது அவர் உளிக்கு அடியில் வந்து போயாக வேண்டும். அவர் பள்ளிக்கூடம் போனது நாலு குளிர்காலம்தான். ஆனாலும் ஒரு எழுத்து பிசகினதில்லை. படிப்பு காரணமில்லை. எழுதிக் கொடுத்ததை அப்படியே வெட்டுவார், ஒரு புள்ளி கூட்டமாட்டார், ஒரு புள்ளி குறைக்கமாட்டார்.

ஒரு தடவை ஒரு விதவை, புருஷனின் சவப்பெட்டித் தகட்டுக்கு "அன்பான கணவர்" என்று எழுதிக்கொண்டு வந்தாள். அதில் "அன்பான" என்பதை அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தாள். எதை வெட்டுவது என்று பட்லாங் கேட்டார். அவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, கணவர் என்று மட்டும் போட்டால் போதும் என்றாள். போட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் அவருக்கு மரியாதை வந்தது இப்படித்தான்.

அமெரிக்கா குடியரசான பிறகு ஜனங்களுக்கு எல்லாவற்றிலும் தேசச் சின்னமான கழுகு வேண்டியிருந்தது. தேநீர்ச் சட்டியில் கழுகு, மூக்குப்பொடி டப்பாவில் கழுகு, சாமான் இடுக்கியில்கூடக் கழுகு. பட்லாங் கழுகைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக் கோழியைப் பார்த்து வெட்டி, மூக்கை மட்டும் வளைத்துவிட்டார். ஊரில் வேறு யாரும் கழுகைக் கிட்டத்தில் பார்த்திராததால் அது கழுகாகவே நிலைத்துவிட்டது.

பிறகு இங்கிலீஷ்காரனோடு இரண்டாவது சண்டை வந்தது. அது முடிந்த பிறகுதான் வீரர்கள் அதிகமானார்கள். சண்டை நடந்தபோது ஆள் பிடிக்க வீடு வீடாக அலைந்த ஊர்களில் எல்லாம், சமாதானம் வந்ததும் ஊருக்கு ஒரு வீரன் முளைத்தான். பாஸ்டனில் ஒரு கப்பல் தலைவனுக்கு வெள்ளி ஜாடி கொடுத்தார்கள். அதைக் கேட்டு அடுத்த ஊர் ஒருவனுக்குப் பொன்முலாம் பிடி போட்ட வாள் கொடுத்தது. அதற்கு அடுத்த ஊர் வாளும் கொடுத்து ஜாடியும் கொடுத்தது. பென்ஹாலோ துறை மட்டும் சும்மா இருக்க முடியுமா? எங்களுக்கும் ஒரு வீரன் வேண்டும். தேடினார்கள். கர்னல் பீலெக் தார்ன் அகப்பட்டார். அவர் அகப்படுவதற்கு வசதியாக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

கர்னல் என்றால் ஊர்ப்படைக்குக் கர்னல். வருஷத்துக்கு இரண்டு நாள் பயிற்சி, அதில் ஒன்றரை நாள் சாப்பாடு. மற்ற நாளெல்லாம் ரம் காய்ச்சும் தொழில். ஊரில் பாதிப் பேர் அவரிடம் வேலை செய்தார்கள், மீதிப் பேர் அவர் சரக்கைக் குடித்தார்கள். எனவே அவரைப் பற்றி அபிப்பிராய பேதம் கிடையாது.

சண்டையில் அவர் செய்தது இது. மூன்று வருஷம் முன்னால், 1814இல், ஒரு ஜூன் மாதக் காலையில், இங்கிலீஷ்காரனின் பெரிய துடுப்புப் படகு ஒன்று துறைக்குள் நுழையப் பார்த்தது. துறை வாயில் இருக்கும் முனையில் பழைய பீரங்கி ஒன்று உண்டு. அது நாலு தடவை சுட்டது. மூன்று குண்டு தண்ணீரில் விழுந்தது. நாலாவது குண்டு படகின் ஒரு பக்கத் துடுப்புகளை அள்ளிக்கொண்டு போனது. படகு திரும்பிப் போய்விட்டது. போகிற போக்கில் அவன் சுட்ட ஒரு குண்டு மேய்ந்துகொண்டிருந்த பசு மேல் விழுந்தது. எங்கள் பக்கத்துச் சேதம் அந்தப் பசுதான். அதற்கு யாரும் ஜாடி கொடுக்கவில்லை.

பீரங்கிப் பக்கத்தில் உருவிய வாளோடு நின்று "சுடு" என்று உத்தரவு கொடுத்தது தான்தான் என்று கர்னல் சொன்னார். அந்த அமளியில் தன் வாள் கடலில் விழுந்துவிட்டதாகவும் சொன்னார். அதனால்தான் ஊர் அவருக்குப் புது வாள் கடன்பட்டிருக்கிறதாம்.

பீரங்கியைச் சுட்டவர்கள் மூன்று பேர். ஒருவன் பிறகு கடலோடு போய்விட்டான். ஒருவன் நிலம் கிடைக்கிறதென்று ஒஹையோவுக்கு மூட்டை கட்டிவிட்டான். மூன்றாவது ஆள் ஜோதம் ஸ்டாரெட். காட் மீன் பிடிக்கிறவன். பட்லாங்கின் தங்கை மெஹிட்டபெல்லின் புருஷன்.

ஜோதமிடம் ஒரு கெட்ட பழக்கம். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவான். பீப்பாய்க்காரன் பட்டறையில் யாரோ வாள் பேச்சை எடுத்தபோது, மீன் வலையைத் தைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறான், அன்றைக்கு முனையில் நாங்கள் மூன்று பேர்தான், கர்னலும் இல்லை, அவர் நிழலும் இல்லை என்று. அந்தப் பக்கமாகப் பீப்பாய் வாங்க வந்த டீக்கன் ஏனோக் சாயர் காதில் அது விழுந்தது. டீக்கன்தான் தேவாலயச் சபைக்கு மூப்பர், ஊர்க் கணக்கு எழுத்தர், வாள் கொடுக்கிற கமிட்டிக்கும் தலைவர். மூன்று தொப்பி, ஒரே மண்டை.

சபையில் எழுதி வைத்தார்கள். சகோதரன் ஜோதம் ஸ்டாரெட் ஒரு பெரியவர் மேல் பொய்ச் சாட்சி சொன்னான். சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதிக்கு அடுத்த ஞாயிறு, சபை முன் எழுந்து நின்று, நான் சொன்னது பொய் என்று அறிக்கை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சபையைவிட்டு நீக்கம். அதுவரை அவனுடைய நாலு மாதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது.

ஞானஸ்நானம் இல்லாத குழந்தை என்றால் எங்கள் ஊரில் அக்கம்பக்கத்துப் பெண்கள் தொட்டிலை எட்டிப் பார்க்கிற பார்வையே வேறு. மெஹிட்டபெல் ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைத் தொண்டை அடைப்பில் பறிகொடுத்தவள். அண்ணன் பட்டறைக்கு வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவரு சொல்லமாட்டேங்கிறாருண்ணே. ஒரு நிமிஷம் எந்திரிச்சு நின்னு பொய்யின்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. நான் கால்ல விழுந்து கேட்டாச்சு."

"மாப்ள என்ன சொல்றாரு?"

"பொய் சொன்னேன்னு பொய் சொல்லணுமான்னு கேக்கறாரு."

பட்லாங் உளியை வைத்துவிட்டுக் கையை நீட்டினார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. அவரால் என்ன செய்ய முடியும்? அவர் அன்றைக்கு முனையில் இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு, வெள்ளியையெல்லாம் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். சாட்சி சொல்ல அவருக்கு வாய் இல்லை. அதைவிட மோசம், கர்னலுக்குக் கொடுக்கப்போகிற வாளும் வெள்ளிக் கூஜாவும் அவர் பட்டறைக்குத்தான் வெட்ட வந்திருந்தன.

வாளைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதே ஒரு வேடிக்கை. பிடியில் கழுகுத் தலை, நீல மெருகு போட்ட அலகு, அலகெல்லாம் பொன் கொடி. பிடிக்குக் கீழே, கண்ணுக்குப் படாத இடத்தில், செய்தவன் முத்திரை. இங்கிலாந்து, பர்மிங்ஹாம். இங்கிலீஷ்காரனைத் துரத்தினதற்குப் பரிசு இங்கிலீஷ்காரன் அடித்த வாள். டீக்கன் அதைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தின் மேல் ஒரு கழுகை வெட்டிவிடும்படி எழுதிக் கொடுத்தார். பட்லாங் வெட்டினார். அதுவரை அவர் வெட்டினதிலேயே பெரிய கோழி அதுதான்.

வாசகம் எழுதக் கமிட்டி ஐந்து பேர் ஒன்பது தடவை கூடினார்கள். "தீரமிக்க" என்று போடுவதா, "அஞ்சாநெஞ்சம் படைத்த" என்று போடுவதா என்று இரண்டு கூட்டம். கடைசியில் இரண்டையும் போட்டுவிடலாம் என்று ஒற்றுமை ஏற்பட்டது. பிறகு "நன்றியுள்ள ஊரார்" என்பதற்குக் கீழே ஐந்து பேரும் தங்கள் பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். கர்னல் பேர் ஒரு வரி, கமிட்டி பேர் நாலு வரி.

கூஜாவின் வயிற்றில் சண்டைப் படம். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தை வெட்டுகிறவன் வீரன் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, அன்றைக்கு அவர் கண்ணால் கண்டதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். காற்று எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம், எது கிட்டே, எது தூரத்தில். பிறகு படம் போட்டுக் காட்ட வேண்டும். வீரனும் கமிட்டித் தலைவரும் படத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டால்தான் உளி வெள்ளியைத் தொடும். வெள்ளியில் போனது போனதுதான், அழிக்க முடியாது பாருங்கள்.

பட்லாங் போனார். கர்னல் வீடு சபைக் கோபுரத்துக்கு நேர் எதிரே. நல்ல நாற்காலியில் உட்கார்த்தி, நல்ல ரம் கொடுத்தார். பட்லாங் எழுதிக்கொண்டே வந்தார். விடியலில் மூடுபனி. பிறகு பனி விலகியது. படகில் முப்பது பேர். முதலில் முப்பது, இரண்டாவது கோப்பைக்கு அறுபது. கர்னல் எழுந்து நின்று கையால் காட்டினார். காலை முன்னே வைத்தாராம், வாளை உயர்த்தினாராம்.

"வெயில் எவ்வளவு ஏறியிருந்துச்சு, கர்னல்? நிழல் போடணும். மணி தெரிஞ்சா நல்லது" என்றார் பட்லாங்.

"ஒன்பது பத்து" என்றார் கர்னல், யோசிக்காமல். "சபைக் கடிகாரத்த என் கண்ணால பாத்தேன்யா. முள்ளு ஒன்பது பத்துல நிக்குது. நான் சுடுங்கறேன். சத்தம் காத அடைச்சுது. அதயும் படத்துல போடு."

"சத்தத்தையா?"

"கடிகாரத்தய்யா."

பட்லாங் ஒன்பது பத்து என்று எழுதிக்கொண்டார். அவருக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. உளிக்காரன் புத்தி கையில்தான் இருக்கும்.

எந்த வேலையானாலும் இடத்தை ஒரு முறை நேரில் பார்த்துவிடுவது அவர் பழக்கம். மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு முனைக்கு நடந்தார். பீரங்கி பக்கத்தில் நின்றார். கர்னல் சொன்னபடி துறையை வரைந்தார், படகு வந்த வழியை வரைந்தார். பிறகு ஊர்ப் பக்கம் திரும்பிக் கோபுரத்தை வரைந்தார். கடிகாரம் போட வேண்டிய இடத்துக்கு வந்ததும் கை நின்றது.

கோபுரத்தின் இந்தப் பக்கம் வெறும் பலகை. வெள்ளைச் சாயம். கடிகாரமே இல்லை.

எங்கள் சபைக் கடிகாரத்தைப் பற்றி இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதற்கு ஒரே முகம்தான். பதினெட்டு வருஷம் முன்னால் கோபுரம் கட்டினபோது, நாலு பக்கம் வைக்கக் காசில்லை. கர்னல் ஒரு பக்கத்துக்குக் காசு கொடுத்தார். அந்த ஒரு முகம் யார் வீட்டைப் பார்த்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? மற்றவர்கள் மணி பார்க்க அவர் வீட்டு வேலிப் பக்கம் போய் நிற்க வேண்டும். முனையில் குடியிருக்கும் அப்னர் பிக்ஃபோர்டு என்ற கிழ மீனவர், தங்கள் பக்கமும் ஒரு முகம் வைக்கச் சொல்லி வருஷா வருஷம் மார்ச் மாத ஊர்க் கூட்டத்தில் மனு கொடுப்பார். வருஷா வருஷம் தள்ளுபடியாகும். டீக்கன் தன் அழகான கையெழுத்தில் பதிவேட்டில் எழுதுவார், முனையிலிருந்து கடிகாரம் கண்ணுக்குத் தெரியாது என்பது மெய்தான், ஆனால் மீனவர்களுக்கு மணி எதற்கு, அலை போதும் என்று. இதுவரை பதினெட்டு மனு, பதினெட்டுப் பதில்.

ஊருக்கே தெரிந்த இது கர்னலுக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் தெரியும்? மணி பார்க்க அவர் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டிய அவசியமே வந்ததில்லையே.

பட்லாங் பீரங்கி மேல் உட்கார்ந்தார். ஜோதம் கீழே படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். மேலே ஏறி வந்து, என்ன மச்சான், கோபுரத்தையே பார்க்கிறீர்கள் என்று கேட்டான். பட்லாங் பதிலுக்கு வேறொன்று கேட்டார்.

"அன்னிக்கு எத்தன மணிக்கு சுட்டீங்க மாப்ள?"

"யாருக்குத் தெரியும்? இங்க ஏது கடிகாரம்? தண்ணி எறங்க ஆரம்பிச்சிருந்துச்சு, அவ்வளவுதான்."

பட்லாங் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் மனசு ஒரு நிலையில் இல்லை. கர்னலிடம் போய், ஐயா, அங்கிருந்து கடிகாரம் தெரியாதே என்று சொன்னால், சரி எடுத்துவிடு என்பார். பொய்க்கு இருந்த ஒரே ஓட்டையையும் தன் கையாலேயே அடைத்த மாதிரி ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஜோதம் எழுந்து நிற்பான், அல்லது நிற்காமல் வெளியே போவான். சொல்லாமல் வெட்டினால்? நம்பி வேலை கொடுத்தவரைக் குழியில் தள்ளினது ஆகாதா? யாரும் கவனிக்காமலே போய்விட்டால்? அப்போது கர்னலின் பொய், இருபத்தெட்டு அவுன்ஸ் வெள்ளியில் பேரன் பேத்தி காலம்வரைக்கும் உட்கார்ந்திருக்கும், வெட்டினது மச்சான்காரன் கை.

கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வழிக்கு வந்தார். கேட்டுவிடுவது. எழுதிக் கொடுப்பதை வெட்டுவது.

படத்தை எடுத்துக்கொண்டு போனபோது டீக்கனும் அங்கே இருந்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். கர்னலுக்குத் தன் உருவம் பிடித்துப்போயிற்று. கால்களைக் கொஞ்சம் நீட்டச் சொன்னார்.

"கடிகாரம் அவசியம் வேணுமா, கர்னல்?" என்றார் பட்லாங். "எடம் நெருக்கமா இருக்கு. கோபுரம் மட்டும் போதாதா?"

"அதுக்கு எவ்வளவு குடுத்தேன் தெரியுமா உனக்கு? இருக்கட்டும்."

"முனையிலேர்ந்து பாக்கற படம் இது. அங்கேர்ந்து பாத்தா கடிகாரம்..." என்று இழுத்தார் பட்லாங்.

"சின்னதாத் தெரியும்கறியா? எனக்குப் பெருசாத்தான் தெரிஞ்சுது. என் கண்ணு அப்படி. பெருசாவே வெட்டு. முள்ளு நல்லாத் தெரியணும்."

பட்லாங் டீக்கனைப் பார்த்தார். பதினெட்டு வருஷம் பதிவேட்டில் எழுதின கை அவருடையது. டீக்கன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கீழே இருந்த கமிட்டி பேர்கள் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பேருக்கு ஒரு சுழி கூடுதலாகக் கேட்டார். பிறகு இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கர்னல், தன் கையாலேயே, ஓரத்தில் "மணி 9.10, பெரிதாக" என்று எழுதினார்.

பட்லாங் பெரிதாக வெட்டினார். அவ்வளவு சுத்தமான கடிகாரம் அவர் வாழ்நாளில் வெட்டினதில்லை. ரோமன் எண் பன்னிரண்டையும் பூதக்கண்ணாடி வைத்து வெட்டினார்.

அந்த வருஷம் ஜூலை நாலாம் தேதி வெள்ளிக்கிழமை. சபைக்குப் பின்னால் புல்வெளியில் நீள மேசைகள். சால்மன் மீன், புதுப் பட்டாணி, முழுப்பன்றி, ரம்மும் எலுமிச்சையும் கலந்த பானம். மேல்மேசையில் கர்னல், டீக்கன், பாதிரியார் ஹேவன். கீழ்மேசையில் மீனவர்கள். பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். மெஹிட்டபெல் குழந்தையோடு நின்றாள். ஜோதம் கீழ்மேசையின் கடைசியில், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

டீக்கன் வாசகத்தைப் படித்தார். "தீரமிக்க" வரும்போது ஒரு கைதட்டல், "அஞ்சாநெஞ்சம்" வரும்போது ஒரு கைதட்டல், கமிட்டி பேர்கள் வரும்போது கமிட்டி தட்டியது. கர்னல் வாளை வாங்கி, உறையிலிருந்து உருவி, வெயிலில் காட்டினார். இந்த வாளும் தேசத்துக்குத் தேவைப்பட்டால் முனையில் நிற்கும் என்று சொன்னார். முதல் வாள் எங்கே நின்றது என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு பதின்மூன்று வாழ்த்து. பதின்மூன்று மாகாணத்துக்குப் பதின்மூன்று தடவை குடிக்க வேண்டும். குடியரசுக்கு ஒன்று, ஜனாதிபதிக்கு ஒன்று, கப்பற்படைக்கு ஒன்று. ஏழாவது வாழ்த்து கர்னலுக்கு. அப்போதுதான் புதுக் கூஜாவில் பானத்தை நிரப்பி மேசை மேசையாக அனுப்புவது வழக்கம். ஒவ்வொருவனும் கையில் வாங்க வேண்டும், படத்தைப் பார்க்க வேண்டும், ஊற்றிக்கொள்ள வேண்டும். மேல்மேசையில் எல்லோரும் படத்தைப் பாராட்டினார்கள். மேல்மேசைக்காரர்கள் யாரும் முனைக்குப் போனதில்லை.

கூஜா கீழ்மேசைக்கு வந்தது. அப்னர் பிக்ஃபோர்டு கைக்கு வந்தது. கிழவர் ஊற்றிக்கொள்ளவில்லை. கூஜாவை மூக்குக்குக் கிட்டே கொண்டு வந்தார், தூரமாகப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டு வந்தார். பக்கத்து ஆள் சீக்கிரம் தா என்று முழங்கையால் இடித்தான். கிழவர் எழுந்து நின்றார்.

"கர்னல் ஐயா, ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்தப் படம் எங்க நின்னு பாத்ததுங்க?"

"பீரங்கி பக்கத்துல. வேற எங்க?" என்றார் கர்னல். அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"அங்கேர்ந்து மணி தெரிஞ்சுதுங்களா?"

"ஒன்பது பத்து. வெட்டியிருக்கு பாரு."

"பாத்தேனுங்க. ரொம்ப சந்தோஷம். டீக்கனையா, எழுதிக்குங்க. என் மனுவ வாபஸ் வாங்கிக்கறேன். முனையிலேர்ந்து கடிகாரம் நல்லாத் தெரியுதாம். பதினெட்டு வருஷமா என் கண்ணுதான் மோசம்."

கூஜா அடுத்தவன் கைக்குப் போனது, அவன் பார்த்தான், அடுத்தவன் பார்த்தான். சிரிப்பு கீழ்மேசையில் பன்றி எலும்புக்கு நடுவே எங்கேயோ கிளம்பி மெதுவாக மேலே ஏறியது. பீப்பாய்க்காரன் யாருக்கும் சொல்லாதது மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான், "கர்னல் வீட்டு நிலவறை ஜன்னல்லேர்ந்து பிரமாதமாத் தெரியும். கிழங்குக் குவியல் மேல ஏறி நின்னா முள்ளுகூடத் தெரியும். பீப்பாய் எறக்கும்போது நான் அங்கதான் மணி பாப்பேன்."

வேலிப் பக்கம் பெண்கள் சிரித்தார்கள். அதுதான் கர்னலால் தாங்க முடியாமல் போனது. முகம் வேகவைத்த நண்டு மாதிரி ஆகிவிட்டது. டீக்கன் எழுந்து கையை உயர்த்தினார். இது உளிக்காரன் செய்த பிழை என்றார். இதில் கர்னலுக்குச் சம்பந்தமில்லை, அவர் சொல்லாததை இவன் வெட்டிவிட்டான் என்றார். எல்லோரும் பட்லாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்லாங் நடுமேசையில் இருந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து, விரித்து, சால்மன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார்.

"எழுதிக் குடுத்தத வெட்டினேன்" என்றார். "கையெழுத்து ரெண்டு இருக்கு. ஓரத்துல இருக்கறது கர்னல் கை. பெருசா வெட்டச் சொன்னாரு. அவசியம் வேணுமான்னு நானும் கேட்டேன்."

பாதிரியார் ஹேவன் காகிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு டீக்கனிடம் கொடுக்காமல் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எட்டாவது வாழ்த்து அமெரிக்கப் பெண்களுக்கு என்று அவசரமாக அறிவித்தார். அந்த வாழ்த்தை அவ்வளவு மனப்பூர்வமாக எங்கள் ஊர் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. வழக்கமாகத் தூங்க வருகிறவர்கள்கூட விழித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஜோதம் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, எழுந்திருக்கத் தயாராக உட்கார்ந்திருந்தான். எழுந்து என்ன சொல்லியிருப்பான் என்று இன்றுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பாதிரியார் நாவடக்கத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். சகோதரன் ஸ்டாரெட் காரியம் நேரமின்மையால் ஒத்திவைக்கப்படுகிறது என்றார். பிறகு, அதே மூச்சில், இன்று ஒரு ஞானஸ்நானம் உண்டு என்றார். மெஹிட்டபெல் குழந்தையைக் கொண்டுபோகும்போது கால் தடுக்கிற்று. அண்ணன்தான் முழங்கையைப் பிடித்தார். குழந்தைக்கு ரூத் என்று பேர் வைத்தார்கள். தண்ணீர் பட்டதும் அது கத்தின கத்தல் முனைவரை கேட்டிருக்கும்.

ஜோதமிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காரியம் இன்னும் ஒத்திவைக்கப்பட்டுத்தான் இருக்கிறது. வாளைத் திருப்பி வாங்கவும் இல்லை. கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் ஊருக்கு வீரனே இல்லாமல் போய்விடுவானே. கர்னல் வாளைச் சுவரில் மாட்டினார். கூஜாவை அலமாரியில், படம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும்படி வைத்தார். அடுத்த வசந்தத்தில் நிலவறையைக் கழுவியபோது பழைய வாள், கடலில் விழுந்த வாள், கிழங்குக் குவியலுக்கு அடியில் கிடைத்தது என்றும், சமையல்காரி அதை வைத்து முட்டைக்கோசு நறுக்குகிறாள் என்றும் பேச்சு. நான் பார்க்கவில்லை. முட்டைக்கோசு மட்டும் மெல்லிசாக இருந்ததாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

கர்னல் முட்டாள் இல்லை. அடுத்த மார்ச் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, முனையில் இருக்கும் ஏழை மீனவர்கள் மேல் தனக்கு எப்போதுமே இரக்கம் உண்டு என்றும், கோபுரத்தின் அந்தப் பக்கத்துக்கும் தன் செலவில் ஒரு முகம் வைத்துத் தருவதாகவும் சொன்னார். கைதட்டினார்கள். ஐம்பது வருஷம் போனால் கூஜாவையும் கோபுரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்கு ஒரு குறையும் தெரியாது. முனையில் நின்றால் கடிகாரம் தெரியும், கூஜாவிலும் தெரியும். வேலை முடிந்தது.

புது முகத்துக்குக் கீழே வைக்கப் பித்தளைத் தகடு பட்லாங்கிடம் வந்தது. வாசகம் கர்னல் கையாலேயே எழுதியிருந்தது. கர்னல் பீலெக் தார்ன் அவர்களின் கொடை. அவ்வளவுதான்.

"வருஷம் போடலியே, கர்னல்" என்றார் பட்லாங்.

"வேணாம். கொடைக்கு ஏதுய்யா வருஷம்?"

பட்லாங் தகட்டை மரப்பலகையில் இறுக்கினார். கர்னல் எழுதிக் கொடுத்ததை ஒரு புள்ளி பிசகாமல் வெட்டினார். பிறகு உளியைக் கீழே வைத்தார். எடுத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்றை வெட்டினார். 1818. பெரிதாக. ஆழமாக. மெருகு போட்டு, துணி சுற்றி, கோபுர வேலைக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் துணியை மேலே போய்த்தான் பிரித்தார்கள்.

தகடு அறுபது அடி உயரத்தில் இருக்கிறது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஏறுகிறவனும் புறாக்களும்தான் படிக்க முடியும். ஆனால் இருக்கிறது.

அப்னர் பிக்ஃபோர்டு இப்போது முனையில் உட்கார்ந்தபடியே மணி பார்க்கிறார். இரண்டு முகத்துக்கும் ஒரே இயந்திரம்தான், ஆனாலும் இந்தப் பக்கத்து முள் ஆறு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறதாம். மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.